அறிவிப்புப் பலகைக்கு எழுதியது

வாசிப்பு மன்றத்தில் சேரச் சொல்லி
நாலு வரி எழுதித் தா என்றார்கள்.
செயலாளர் நான்தானாம்.
நாகஜோதி, பதினொன்றாம் வகுப்பு, பி பிரிவு.
சார்ட் தந்தார்கள், ஸ்கெட்ச் பேனா தந்தார்கள்.
விளக்கு, சாவி, ஏணி
மூன்றுக்கும் புத்தகத்தை ஒப்பிட்டு
ஏற்கனவே சுவரெல்லாம் எழுதியாயிற்று.
நான் நடந்ததை எழுதுகிறேன்.

நூலகம் என்பது
வேதியியல் ஆய்வகத்தில் பாதி.
நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு.
அங்கிட்டு அழுகின முட்டை வாடை கிளம்பினால்
இங்கிட்டு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு
அடுத்த பக்கம் புரட்டுவோம்.
பச்சை பீரோ மூன்று.
ஒன்றுக்குச் சாவி தொலைந்து ஏழு வருடம்.
அதில் உள்ள புத்தகங்களின்
முதுகுகளை மட்டும்
கண்ணாடி வழியே படித்திருக்கிறோம்.

முதல் வெள்ளிக்கிழமை நான்கு பேர்.
ரிஸ்வானா, அவள் பஸ் நாலரைக்குத்தான்.
ஜெபசிங், வீட்டில் தம்பி தொல்லை.
நான்.
அழகுராஜா, விசிறிக்காக.

வெள்ளிக்கிழமை காலையில்
அழகுராஜா பள்ளிக்கு வரமாட்டான்.
திருமங்கலம் ஆட்டுச்சந்தையில்
சித்தப்பாவுக்குத் துணையாக நின்று
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிவிட்டு
சாப்பாட்டு மணிக்கு வந்து சேருவான்,
சட்டையெல்லாம் கிடா வாடை.
மேசையில் தலையைச் சாய்த்தால்
யாரும் எழுப்புவதில்லை.

கையில் கிடைத்தது ஒரு நாவல்.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை.
எழுதியவர் யாரென்று தெரியாது.
பதினேழாம் பக்கத்தில் ஒருவன்
நடந்துகொண்டே இருக்கிறான்,
எதற்கென்று நமக்குத் தெரியாது.
ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசித்தோம்.
ரிஸ்வானா வாசித்தால்
பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி இருக்கும்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
அவன் தன் சினையாட்டை
டிக்கெட் காசுக்கு விற்றுவிட்டு ரயில் ஏறுகிறான்.
ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதினவர்.

மேசையிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.
"எவ்வளவுக்கு?"

திரும்பிப் பார்த்தோம்.

"எத்தனை மாசச் சினை? பல்லு எத்தனை?
டிக்கெட் காசுக்கு வித்தான்னா அவென் கிறுக்கன்.
இல்லாட்டி எழுதுனவருக்கு ஆடு தெரியாது."

ஓடுறவன் நின்று பேரம் பேசுவானா என்றான் ஜெபசிங்.
"ஓடுறவந்தான்டா பேசுவான்,
போற எடத்துல சோத்துக்கு என்ன செய்வான்?"
அவன் ஏன் ஓடுகிறான் என்பதே
கிழிந்துபோன பக்கத்தில் கிடக்கிறது,
அதற்குள் கிறுக்கன் என்றால் எப்படி என்றாள் ரிஸ்வானா.
தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து
யாரோ ஸ்கேலால் தட்டினார்கள்.
நாலரை பஸ் போய்விட்டது.
அவள் கவனிக்கவேயில்லை.

அழகுராஜா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினான்.
அவன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்,
அதுவரை எங்களுக்குத் தெரியாது.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.
ஜெபசிங் சிரித்தான்.
பிறகு நிறுத்திக்கொண்டான்.

ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம்.
அந்த ரயில் அவ்வளவு மெதுவாக
அதற்கு முன் போனதில்லை.
சன்னலோரத்துப் பெண் ஒருத்தி
முறுக்கைப் பிட்டு
பாதியை அவனுக்கு நீட்டுவதை
அப்போதுதான் பார்த்தோம்.
ஏற்கனவே நான் மனதுக்குள் வாசித்து முடித்திருந்த பக்கம் அது.
முறுக்கு என் கண்ணில் படவே இல்லை.

இப்போது பதினோரு பேர் இருக்கிறோம்.
மூன்று பேர் ஆட்டு விலை பேச மட்டும் வருகிறார்கள்,
வரட்டும்.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் நிற்கிறோம்.
கிழிந்த பதினாறு பக்கத்தில் என்ன இருந்தது என்று
ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம்.
அழகுராஜா கதையில் வட்டிக்கடன்.
என்னுடையதை இங்கே சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட்.
புத்தகம் ஒன்றுதான், தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்க்கலாம்.
எழுத்துக்கூட்டுகிறவர்கள் தாராளமாக வரலாம்.
விசிறிக்குக் கீழே மட்டும் இடம் இல்லை.

பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள்
முதலில் என்னை வந்து பார்க்கவும்.